தாழ்ப்பாள்

என் மகள் மூன்றாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தாள். அங்கே பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளைகள் அதற்குக் 'காவல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் யாருக்குக் காவல் நின்றார்கள், யார் பாதியில் ஓடிவிட்டார்கள் என்பதுதான் அந்த வயதில் நட்புக்கும் பகைக்கும் காரணம்.

நான் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். மனு எழுதிக் கொடுத்தேன். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் யூனிஃபார்மோடு பள்ளி வாசலில் நின்ற நாட்கள் உண்டு. அந்த அம்மாள் நல்லவர்தான், ஆனால் ஒரு தாழ்ப்பாளுக்கு மேலே எழுதி அனுமதி வாங்க வேண்டிய நிலையில் இருந்தார். கடைசியில் நானே ஒன்றை வாங்கிப் போய் ஆள் வைத்துப் பொருத்தினேன். நான்கே மாதத்தில் கழன்று விழுந்தது. மறுபடி ஆரம்பித்தேன். அந்த வருடக் கடைசியில் மகளைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டேன். தாழ்ப்பாளுக்காக இல்லை, ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று ஆகிவிட்டதால். ஆனால் அவள் அங்கிருந்து போன நாளிலிருந்து அந்தக் கதவைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை.

இப்போது அவள் சட்டம் படிக்கிறாள். போன மாதம் விடுமுறைக்கு வந்தவள், தனியார் பள்ளிகளையும் தனியார் மருத்துவமனைகளையும் சட்டம் போட்டு மூட வேண்டும் என்றாள்.

"நீ படிச்ச பள்ளிக்கூடத்தையுமா?"

"அதைத்தான் முதல்ல."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நீயே ரெண்டு பக்கமும் வேலை பார்த்தவதானே, உனக்குத் தெரியாதா?" என்றாள். அது சுருக்கென்று தைத்தது. நான் நர்ஸ். பதினான்கு வருடம் அரசு மருத்துவமனையில், பிறகு பன்னிரண்டு வருடமாகத் தனியாரில். இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கியவள் என்ற முறையில் ஒரு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அன்று ராத்திரி வாயில் வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மருத்துவமனையில் தொடங்குகிறேன், எனக்குத் தெரிந்த இடம் அதுதான்.

அரசு மருத்துவமனையில் எங்கள் சர்ஜனுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் ஆபரேஷன் தியேட்டர். பித்தப்பைக் கல் மாதிரி உயிருக்கு உடனே ஆபத்தில்லாத கேஸ்களுக்கு ஐந்து மாதம் தள்ளித்தான் தேதி கிடைக்கும். பதிவேட்டில் தேதி எழுதுவது என் வேலை. அதே சர்ஜன் சாயங்காலம் தனியாரில் பார்ப்பார். அவர் ஒரு நோயாளியிடமும் "அங்கே வா" என்று சொன்னதில்லை. "இங்கே நாள் ஆகும்" என்பார். அப்புறம் ஒன்றும் பேசாமல் பேனாவை மூடுவார். அந்த மௌனம் போதும். வெளியே வராண்டாவில் நோயாளியின் வீட்டுக்காரர்கள் என்னைப் பிடிப்பார்கள்: "சிஸ்டர், டாக்டர் வேற எங்கே பார்க்கிறார்?" அவருடைய சாயங்கால நேரம், இடம், லீவு நாள் எல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்லியனுப்புவேன். உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வசதி உள்ளவர்கள் தனியாருக்குப் போய்விட்டால் அரசு க்யூ குறையும் என்பார்கள். அங்கே புதிதாக ஒரு சர்ஜன் வந்தால் குறையும். ஒரே சர்ஜன் இரண்டு இடத்திலும் நின்றால் எப்படிக் குறையும்? காலை க்யூ நீளமாக இருப்பதுதான் சாயங்கால வருமானத்துக்கு அஸ்திவாரம். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். க்யூவை அவர் நீட்டவில்லை, குறைப்பதற்கு அவருக்குக் காரணம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஒரு சமயம் எங்கள் மயக்க மருந்து டாக்டர் வேலையை விட்டு முழுதாகத் தனியாருக்குப் போனார். இரண்டாவது ஆபரேஷன் டேபிள் எட்டு மாதம் சும்மா கிடந்தது. விளக்கு, ஆட்டோகிளேவ், கத்தி, கத்தரி எல்லாம் தயார், மயக்கம் கொடுக்க ஆள் இல்லை. ஒவ்வொரு நாளும் அந்த டேபிளைத் துடைத்து உறை போட்டுவிட்டு வருவோம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த கதையும் இல்லை. பிரிட்டனில் 1948-ல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்று தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிய அமைச்சர் அனைரின் பெவன், பெரிய டாக்டர்களை உள்ளே இழுப்பதற்காக அவர்கள் தனியாகவும் பார்த்துக்கொள்ளலாம், அரசு மருத்துவமனையிலேயே கட்டணப் படுக்கைகளும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார். அவர்கள் வாயைத் தங்கத்தால் அடைத்தேன் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. சொன்னாரோ இல்லையோ, முதல் நாளிலேயே இரண்டு வாசலோடுதான் அந்த வீடு கட்டப்பட்டது.

சரி, தனியார் பக்கம். முதல் வாரம் எனக்கு வேறு உலகத்துக்கு வந்த மாதிரி இருந்தது. படுக்கை விரிப்பு தினமும் மாறுகிறது. நோயாளியை யாரும் ஒருமையில் அழைப்பதில்லை. கையுறை தீர்ந்துவிட்டது என்ற பேச்சே இல்லை. மூன்றாவது மாதம்தான் 'மீட்டிங்' என்றால் என்னவென்று புரிந்தது. எத்தனை படுக்கை நிரம்பியது, எத்தனை ஸ்கேன் போனது என்று சுவரில் போட்டுக் காட்டுவார்கள். அதற்கு மறுநாள் காய்ச்சல் விட்ட ஒருவரை இன்னொரு ராத்திரி வைத்திருந்து பார்க்கலாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும். நோயாளி கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்வார், நன்றாகக் கவனிக்கிறார்களே என்று.

இதைத்தான் கென்னத் ஆரோ என்ற பொருளியலாளர் 1963-லேயே எழுதிவைத்தார். மருத்துவத்தில் வாங்குபவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாது, விற்பவருக்குத்தான் தெரியும்; அதனால் மற்றச் சந்தை மாதிரி இது நடக்காது என்பது அவர் வாதம். பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். சிசேரியன் பத்து முதல் பதினைந்து சதவீதத்துக்கு மேல் போக நியாயம் இல்லை என்று 1985-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் சொன்னார்கள். பிரேசிலின் தனியார் மருத்துவமனைகளில் ஐந்து பிரசவத்தில் நான்கு சிசேரியன். அங்குள்ள பெண்களின் இடுப்பெலும்பு அரசு மருத்துவமனைக்குள் ஒரு மாதிரியும் தனியாருக்குள் வேறு மாதிரியும் வளர்வதில்லை.

பணம் தீர்ந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். அதற்கு 'ரெஃபர்' என்று பெயர். ஐ.சி.யூ.வில் பத்து நாள் கிடந்தவருக்கு இனி வீட்டில் விற்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்பார்கள். அரசு மருத்துவமனையில் இருந்த காலத்தில் நடுராத்திரி அப்படி வந்து இறங்குபவர்களை நான் வாங்கியிருக்கிறேன். தடிமனான ஃபைல், பாதி காலியான ஆக்சிஜன் சிலிண்டர், கூட வந்தவர் முகத்தில் ஈயாடாது. இப்போது அந்த ஃபைலை அடுக்கிக் கட்டிக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன். சில சமயம் மறுமுனையில் யார் டியூட்டி என்றுகூட எனக்குத் தெரியும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மூடலாம் என்றுதானே சொல்ல வேண்டும்? மகளும் அப்படித்தான் கேட்டாள். மருத்துவமனை விஷயத்தில் எனக்கு மனசு வரவில்லை. காரணம் கொஞ்சம் சுயநலமானது.

அரசு வேலையில் இருந்தபோது கையுறையும் ஊசியும் போதவில்லை என்று நாங்கள் நான்கு பேர் எழுதிக் கொடுத்தோம். மூன்று மாதத்தில் நான்கு பேருக்கும் இடமாறுதல். எனக்கு இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய இடம், அப்போது மகளுக்குப் பத்து வயது. நான் வேலையை விட முடிந்ததற்குக் காரணம், நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்க இன்னொரு முதலாளி இருந்ததுதான். ஊரில் மருத்துவம் முழுவதும் ஒரே கையில் என்றால், அந்தக் கை அடித்தால் நான் எங்கே போயிருப்பேன்? நோயாளிக்கும் இதே கதிதான். பிரசவ வலியில் கத்திய பெண்ணின் தொடையில் ஆயா அறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த பிரசவத்துக்கு அவள் கடன் வாங்கியாவது வேறு இடம் போயிருப்பாள். அந்த வழியையும் அடைத்துவிட்டு அவளிடம் சமத்துவம் பேச எனக்கு வாய் வராது.

மகள் கனடாவைப் பற்றிச் சொன்னாள். அங்கே அரசுக் காப்பீட்டில் வருகிற சிகிச்சைக்குத் தனியார் காப்பீடு எடுப்பதைச் சில மாகாணங்கள் தடை செய்திருந்தன. கியூபெக் மாகாணத்தில் இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சைக்காக மாதக் கணக்கில் காத்திருந்த ஜார்ஜ் ஜெலியோட்டிஸ் என்பவர், ஷௌலி என்ற டாக்டரோடு சேர்ந்து வழக்குப் போட்டார். 2005-ல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அந்த மாகாணத்துத் தடை செல்லாது என்றது. பிறகு பிரிட்டிஷ் கொலம்பியா என்ற இன்னொரு மாகாணத்தில் அதே மாதிரி வந்த வழக்கில், 2020-ல் நீதிபதி தடை நிற்கலாம் என்றார். காத்திருப்பவர்களுக்குப் பாதிப்பு இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் பணத்தைப் பார்க்காமல் தேவையைப் பார்த்துச் சிகிச்சை தரும் அமைப்பைக் காப்பாற்ற அந்தத் தடை நியாயம் என்றார். 2022-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஒரே நாடு, ஒரே க்யூ, இரண்டு தீர்ப்பு. சட்டம் படிப்பவளுக்கு இது சுவாரஸ்யம். எனக்கு அந்த இடுப்பு மூட்டுதான் கண் முன்னால் நிற்கிறது. மூட்டு தேய்ந்தவர்கள் ராத்திரி படுக்கையில் புரள முடியாமல் படும் பாட்டைப் பார்த்தவர்கள், காத்திருப்பது எல்லோருக்கும் பொது என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்த மாட்டார்கள்.

அதனால் மருத்துவத்தில் என் பேச்சு இவ்வளவுதான்: தனியார் இருக்கட்டும், ஒரு டாக்டர் ஒரு பக்கம்தான் நிற்க வேண்டும். அரசில் இருந்தால் அரசில் மட்டும், அதற்கேற்ற சம்பளத்தோடு. எது வேண்டுமோ அவரே தேர்ந்தெடுக்கட்டும். உயிருக்குப் போராடி வருபவரைப் பணம் கட்டச் சொல்லி வாசலில் நிறுத்தக் கூடாது; தனியார் மருத்துவமே பெரும் தொழிலாக நடக்கும் அமெரிக்காவில்கூட 1986-லிருந்து அவசரச் சிகிச்சைக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் மருத்துவமனையில் பாதி டாக்டர்கள் என்னோடு பேச மாட்டார்கள்.

பள்ளிக்கூடம் வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் மகள் செய்த தப்பு என்று ஆரம்பத்தில் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன், ஆனால் காரணம் மாறிவிட்டது.

பக்கத்து அறையில் யார் படுத்திருந்தாலும் என் பித்தப்பை அதே பித்தப்பைதான். டாக்டரின் நேரம்தான் பங்கு போகிறது. வகுப்பறையில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே பாதிப் படிப்பு. அந்தப் பிள்ளைக்குப் பின்னால் அதன் பெற்றோரும் வருகிறார்கள். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970-ல் எழுதினார்: நைஜீரியாவில் லாரிகள் போட்டிக்கு வந்தும் ரயில் ஏன் திருந்தவில்லை என்றால், சத்தம் போடக்கூடிய வாடிக்கையாளர்கள் எல்லாம் லாரிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குச் சத்தம் போடத் தெரியவில்லை, போட்டாலும் எடுபடவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் இதைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்: தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படும் பெற்றோர்தான் முதலில் வெளியேறுவார்கள். மகள் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டியபோது, "யாரைச் சொல்றே?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினாள்.

மூடச் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது, இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1922-ல் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று வாக்கெடுப்பில் சட்டம் வந்தது. கேட்டால் சமத்துவம் மாதிரித் தெரியும். பின்னால் நின்று வேலை செய்தவர்களில், கறுப்பர்களையும் கத்தோலிக்கர்களையும் வெறுத்த கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவாத அமைப்பு இருந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளை ஒழிப்பதுதான் நோக்கம். 1925-ல் உச்ச நீதிமன்றம், குழந்தை அரசின் வெறும் படைப்பு அல்ல என்று சொல்லி அதை ரத்து செய்தது. தென் கொரியாவில் 1980-ல் ராணுவ ஆட்சி டியூஷனைத் தடை செய்தது. டியூஷன் ஒளிந்துகொண்டது, பிடிபடும் ஆபத்துக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறியது. 2000-ல் அங்கே அரசியல் சாசன நீதிமன்றம் தடையைச் செல்லாது என்றது. பிள்ளை விஷயத்தில் பெற்றோரைச் சட்டத்தால் கட்டிப்போட முடியாது. நானாக இருந்தாலும் ஒளிந்து போய்ப் படிக்கவைத்திருப்பேன்.

ஐ.நா.வின் 1948 மனித உரிமைப் பிரகடனத்திலும், பிள்ளைக்கு என்ன வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை பெற்றோருக்கு என்று இருக்கிறது. இதை நான் எடுத்துச் சொன்னபோது மகள் ஒரு கேள்வி கேட்டாள். "வகையைத் தேர்ந்தெடுக்கலாம்னுதானே இருக்கு. மத்த பிள்ளைகளை வெளியே நிறுத்துறதுக்குப் பணம் கட்டலாம்னு இருக்கா?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். தனியார் என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. யார் நடத்துகிறார்கள் என்பது ஒன்று, வாசலில் யாரிடம் என்ன வாங்குகிறார்கள் என்பது இன்னொன்று. நெதர்லாந்தில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் படிப்பது அரசு நடத்தாத பள்ளியில். ஆனால் 1917-லிருந்து அந்தப் பள்ளிகளுக்கும் அரசே சமமாகப் பணம் கொடுக்கிறது. ஃபின்லாந்திலும் தனியார் பள்ளிகள் சில உண்டு. அடிப்படைக் கல்விக்கு அவை கட்டணம் வாங்க முடியாது. அங்கே பிள்ளைகளைச் சிறு வயதிலேயே இரண்டு வகைப் பள்ளிகளாகப் பிரித்த பழைய முறையை ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. 1972-ல் வடக்குக் கோடியில் ஆரம்பித்துத் தெற்கே தலைநகரம் வந்துசேர 1977 ஆயிற்று. ஸ்வீடன் 1992-ல் வேறு வழி பார்த்தது: அரசுப் பணம் பிள்ளையோடு போகும், சில வருடத்தில் கட்டணமும் கிடையாது என்று ஆனது, ஆனால் நடத்துபவர் லாபம் எடுக்கலாம். 2013-ல் அங்கே ஒரு பெரிய பள்ளி நிறுவனம் திவாலாகி, ஏறக்குறைய பத்தாயிரம் மாணவர்களின் பள்ளிகள் கைமாறின அல்லது மூடப்பட்டன. கட்டணத்தை எடுத்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

"அப்போ பள்ளிக்கூடம் யார் வேணா நடத்தலாம், ஆனா வாசல்ல காசு வாங்கக் கூடாது, பிள்ளையைப் பொறுக்கி எடுக்கக் கூடாதுங்கறே. அது நான் சொன்னதுதானேம்மா?"

"கிட்டத்தட்ட" என்றேன். ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்தேன். வரிசை முக்கியம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும்போது வெளியேறும் கதவை முதலில் பூட்டினால், அது உள்ளே இருப்பவர்களுக்குத் தண்டனை. ஆசிரியரை முதலில் போடட்டும். அவள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கதவைப் பூட்டாமல் ஆசிரியர் வரவே மாட்டார் என்றாள், சத்தம் போடத் தெரிந்தவர்கள் உள்ளே இருந்தால்தான் வருவார் என்றாள். யார் சொல்வது சரி என்று என்னால் முடிவு கட்ட முடியவில்லை. நான் நர்ஸ், நோயாளியை நிலைப்படுத்திவிட்டுத்தான் ஆபரேஷனுக்கு அனுப்பிப் பழக்கம். அவளுக்கு வயது இருபத்திரண்டு.

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. கடந்த தேர்தலில் எனக்கு வாக்குச்சாவடி அந்தப் பழைய பள்ளியில்தான் விழுந்தது. ஓட்டுப் போட்டுவிட்டுக் கால் தானாகப் பின்பக்கம் போனது. கழிப்பறைக் கதவுக்குப் புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். தாழ்ப்பாள் இல்லை. நான் பொருத்தியதன் நான்கு ஸ்க்ரூ ஓட்டைகளும் அப்படியே இருந்தன, அவற்றுக்குள்ளும் பெயின்ட் இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டு நின்றபோது தேர்தல் வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் அவசரமாக வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார், கதவைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, ரெண்டே நிமிஷம், கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"

பிடித்துக்கொண்டு நின்றேன்.